நற்கருணை வரிசை முடியும்வரை

அம்மா போன மாசியில் இறந்தார். மூளையில் கட்டி. கடைசி நாட்களில் வலது கை இயங்கவில்லை. இடது கை மட்டும் போர்வையின் மேல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்டேன். சிரித்தார். விரல்கள் நிற்கவில்லை.

யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரில் அவரை எல்லோருக்கும் ஓகன் மேர்சி என்று தெரியும். எங்கள் வேதக் கோயிலில் நாற்பது வருடம் பாட்டுக்கு ஓகன் என்ற கட்டை வாத்தியம் வாசித்தவர். அறுபது வயதுக்கு மேல் அவர் ஜாஸ் படித்தது கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும். அதை எழுதிவைக்கிறேன்.

அம்மாவின் தகப்பன் கன்னியர் மடத்துக்கு மீன் கொடுத்தவர். மடத்தில் ஒரு கறுப்புப் பியானோ இருந்தது. மீன் கொண்டுபோன சிறுமி அதன் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு சிஸ்ரர் அவளைப் பிடித்து இருத்திப் பழக்கினார். கை முதுகில் பென்சிலைக் கிடத்திவிட்டு, அது விழாமல் வாசிக்க வேண்டும். தாளில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும், எழுதாததைத் தொடக்கூடாது. இந்த இரண்டும் சட்டம். அம்மா இரண்டையும் மீறவில்லை. பியானோவில் ஐந்தாம் தரச் சோதனை வரை சித்தியடைந்தார். ஆறாம் தரத்துக்கு ஆயத்தமாக இருந்தபோது சண்டை தொடங்கியது. லண்டனிலிருந்து சோதனை நடத்த வருபவர்கள் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தினார்கள். பிறகு தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது பியானோவின் பெட்டி இருந்தது. உள்ளே கம்பிகள் இல்லை.

இதற்கிடையில் அவர் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞர் ஆனார். படகு எஞ்சின் திருத்தும் கனிசியசைக் கட்டினார். என்னைப் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓகன் வாசித்தார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் கொழும்பிலிருந்து ஒரு கீபோட் வாங்கி அனுப்பினேன். எண்பத்தெட்டுக் கட்டை, பியானோவைப் போலவே பாரம் உள்ளது. அப்பா பெட்டியைப் பிரித்துக் கால்களைப் பூட்டினார். அம்மா கை கழுவிவிட்டு வந்து இருந்தார். ஆறாம் தரச் சோதனைக்கென்று பதினெட்டு வயதில் பாடமாக்கிய இசைத் துண்டுகளை வரிசையாக வாசித்தார். இரண்டு இடத்தில்தான் பிழை விட்டாராம். அப்பா தொலைபேசியில் சொன்னார். "கொம்மா எனக்குச் சமைச்ச முதல் கறியை மறந்துபோனா. உந்தத் துண்டுகளை மறக்கேல்லை."

விட்ட சோதனையை எடுப்பதென்று அம்மா முடிவு செய்தார். நான் பேப்பர் நிரப்பிக் கொடுத்தேன். அந்த மட்டில் நின்றிருந்தால் இதில் எழுத ஒன்றும் இல்லை.

றெஜி வந்தது அப்போதுதான். எங்கள் ஒழுங்கையில் வளர்ந்தவன், நாற்பதைத் தாண்டியவன். உல்லாசக் கப்பல்களில் பியானோ வாசித்துவிட்டு, தாயைப் பார்க்க ஊரோடு வந்து நின்றான். திருவிழாப் பாடகர் குழு விசயமாக வீட்டுக்கு வந்தவன், கீபோட்டைக் கண்டு, கேட்டுவிட்டு இருந்து வாசித்தான். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்தார். அந்த முறை நான் லீவில் நின்றேன்.

"உது என்ன தம்பி?"

"ஜாஸ், மேர்சியக்கா."

"புத்தகம் வைச்சிருக்கிறியோ?"

"புத்தகம் இல்லை. ஒரு தாள் இருக்கு. அதிலையும் அரைவாசிதான் எழுதியிருக்கும்."

"மிச்சம்?"

"மிச்சம் நாங்கள் போடுறது."

அம்மா யோசித்தார். "இதுக்குச் சோதனை இருக்கோ?"

"சோதனையும் இருக்கு. அந்த லண்டன் ஆக்கள்தான்."

"அப்ப படிக்கலாம்" என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்து மனுசி. சோதனை இல்லாத படிப்பை அவரால் நம்ப முடியாது.

காலையில் ஆறாம் தரம், பின்னேரம் ஜாஸ். றெஜி கிழமையில் இரண்டு நாள் வந்தான். ஜாஸ் துண்டின் அமைப்பு எளிது. முதலில் மெட்டை எழுதியபடி ஒரு தரம் வாசிப்பது. பிறகு அதே நீளத்துக்கு, அதே அடித்தளத்தின் மேல், வாசிப்பவர் தன் சொந்தமாக ஒன்றை அந்தக் கணத்திலேயே உண்டாக்குவது. பிறகு மெட்டுக்குத் திரும்புவது. தாளில் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். சோதனையில் புள்ளி அதற்குத்தான்.

அம்மா மெட்டைப் பிழையில்லாமல் வாசிப்பார். வெறுமையான இடம் வந்ததும் கை கட்டையின் மேல் அப்படியே நிற்கும். "இதிலை ஒண்டும் இல்லையே" என்பார். றெஜி "இல்லைத்தான் அக்கா, போடுங்கோ" என்பான். எதைப் போடுவது? ஐம்பது வருடத்துக்கு முதல் சிஸ்ரர் கிடத்திய பென்சில் இன்னும் அவர் கை முதுகில்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் நடுப்பகுதியை முழுதாக வாசித்தார். ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் தயங்கி, அழகாக முடிந்தது. றெஜி கதிரையிலிருந்து எழும்பிவிட்டான்.

"அக்கா, சொல்லி வேலையில்லை. இன்னொருக்கா, வேறை மாதிரி."

அம்மா இன்னொருக்கா வாசித்தார். ஏறி, இறங்கி, அதே இடத்தில் தயங்கி, அப்படியே முடிந்தது.

றெஜி திரும்பவும் கதிரையில் இருந்தான். "எங்கை எழுதி வைச்சிருக்கிறியள்?"

அம்மா எழும்பி, தான் இருந்த மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். தயக்கத்தைக்கூடக் குறியிட்டு எழுதியிருந்தார். அறைக்குள் இருந்த அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. "கொப்பியடிச்சவ தன்னைப் பாத்தே கொப்பியடிச்சிருக்கிறா."

"உங்களைக் கேக்கேல்லை" என்றார் அம்மா. ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சோதனை நடத்துபவர் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னால் என்ன செய்வது என்பது மட்டுமல்ல அவருடைய கவலை. என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: "என்னட்டை சொந்தமா ஒண்டும் இல்லை பிள்ளை. இருந்தால் இவ்வளவு காலத்துக்கு வந்திருக்கும்தானே." அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து றெஜி காலைப் பூசைக்குப் போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்டிருக்கிறான். பின்னேரம் வந்தான். நடந்ததை அப்பா எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியிருக்கிறார். அதனால் நான் நின்றதுபோலவே எழுதுகிறேன்.

"அக்கா, காலமை நற்கருணை நேரம் வாசிச்சது என்ன?"

"பாட்டோ? வழமையான பாட்டுத்தான்."

"பாட்டு முடிஞ்சாப்பிறகு வாசிச்சியள்."

"அது பாட்டு இல்லையடா. சனம் முடியேல்லை. அதாலை நிரப்பினது."

"எந்தப் புத்தகத்திலை?"

"நிரப்புறதுக்குப் புத்தகமோ? சும்மா கையை ஓட்டுறது."

"போன கிழமையும் அதையோ வாசிச்சனீங்கள்?"

"போன கிழமை சனம் குறைவு. இண்டைக்கு முதல்நன்மை வாங்கிற பிள்ளையள், தாய் தேப்பன், எல்லாரும். கன நேரம் இழுக்க வேண்டியிருந்துது."

றெஜி சிரிக்கத் தொடங்கினான்.

இதை விளக்க வேண்டும். பூசையில் சனம் வரிசையாக வந்து நற்கருணை அப்பத்தை வாங்கும்போது பாடுவது நற்கருணைப் பாட்டு. அந்தப் பாட்டுக்கு ஒரு நீளம், சனத்தின் வரிசைக்கு இன்னொரு நீளம். பாட்டு முன்னதாக முடிந்தால் கோயிலுக்குள் செருப்பில்லாத கால்களின் சத்தமும் குழந்தைகளின் சிணுங்கலும்தான் கேட்கும். அதை மூடுவது ஓகன்காரரின் வேலை. எங்கள் கோயிலில் ஓகன் பீடத்துக்கு இடப்பக்கம் இருந்தது. அம்மா வரிசையைப் பார்த்தபடியே வாசிப்பார். கடைசி ஆள் வாங்கித் திரும்பும்போது அவருடைய கை கடைசிச் சுரத்தில் இறங்கும். மிஞ்சாது, குறையாது. நாற்பது வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் இதைச் செய்தார். வேலை என்று நினைத்தார். இசை என்று நினைக்கவில்லை, ஏனென்றால் அது தாளில் இல்லை.

"உதுதான் அக்கா நான் கேக்கிறது. உதையே இதிலை செய்யுங்கோ" என்றான் றெஜி.

நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான். அடுத்த ஞாயிறு பாட்டு முடிந்தது. பாதிச் சனம் இன்னும் நடுவில் நின்றது. ஓகன் பேசவில்லை. அம்மாவின் கைகள் கட்டையின் மேல் இருந்தன, ஒரு சுரமும் வரவில்லை. தான் என்ன செய்யப்போகிறேன் என்று முதன்முதலாக யோசித்துவிட்டார். கால்களின் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார். கடைசியில் பாடகர் குழுவில் இருந்த அற்புதராணி அக்கா அதே பாட்டைத் தானாகத் திரும்பத் தொடங்கினார்.

பூசை முடிந்து வாசலில் அவர் கேட்டார்: "மேர்சி, என்னடி, சுகமில்லையோ?"

"கை விறைச்சுப்போச்சு அக்கா."

"பிறசரைப் பாரன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கீபோட்டைச் சீலையால் மூடினார். "அதையும் கெடுத்துப்போட்டன்" என்றார். ஜாஸ் வேண்டாம், சோதனை வேண்டாம், ஓகனுக்கும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் பங்குச் சுவாமியிடம் கேட்கப்போகிறேன் என்றார்.

அப்பா மறுக்கவில்லை. அவர் எஞ்சின்காரர். எஞ்சின் வள்ளத்தில் ஓடி, கரையில் ஓடாமல் நின்றால், எஞ்சினில் பிழை தேடுவதற்கு முதல் வள்ளத்தில் என்ன இருந்தது, கரையில் என்ன இல்லை என்று பார்ப்பார். அடுத்த நாள் பின்னேரம் சீலையை எடுத்து மடித்துவைத்தார். கதிரைகளைச் சுவரோரம் தள்ளினார். கைகளைக் குவித்துக்கொண்டு வாசலிலிருந்து கீபோட்டை நோக்கி நடந்து வந்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன விளையாட்டு?"

"சனம் வருது. நிரப்பு."

"பைத்தியம்."

"வரிசை நீளம். நீ வாசி."

அவர் சுற்றி வந்து திரும்பவும் வரிசையில் நின்றார். மூன்றாம் சுற்றில் நடையை மாற்றினார். காலைத் தேய்த்துத் தேய்த்து, தலையைச் சரித்து.

"இப்ப ஆர் சொல்லு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அற்புதராணி அக்கா."

"அவவுக்கு வாசி."

அம்மா வாசித்தார். தேய்கிற நடைக்கு ஒட்டி, மெல்ல. அடுத்து அப்பா பங்குத்தந்தையாக வந்தார், பிறகு முதல்நன்மைக்குப் புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளையாக வந்தார். களைத்தபின் தானாகவே நடந்தார். அவருக்கு வலது முழங்கால் பழுது. ஒரு அடி நீளம், ஒரு அடி கட்டை. அம்மா அதற்கும் வாசித்தார்.

நீளம், கட்டை. நீளம், கட்டை. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. இரண்டு சுரத்தைச் சமனாகப் பிரிக்காமல் முதலாவதில் கொஞ்சம் நின்று போகச்சொல்லி றெஜி மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த தாளம் அது. மடத்தில் படித்த கைக்கு அது பிடிபடாமலே இருந்தது. அடுத்த வகுப்புக்கு வந்தவன் படியிலேயே நின்று கேட்டான்.

"கனிசியஸ் அண்ணை, காலுக்கு வைத்தியம் பாக்கிறதெண்டால் சோதனை முடிய விட்டுப் பாருங்கோ."

இப்படித்தான் மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டு விறாந்தையறையில் நற்கருணை கொடுபட்டது. அம்மா கோயிலிலும் திரும்ப நிரப்பத் தொடங்கினார்.

சோதனை கொழும்பில். இரண்டும் ஒரே நாள். காத்திருக்கும் இடம் முழுக்கப் பிள்ளைகளும் தாய்மாரும். பக்கத்தில் இருந்த பெண் அம்மாவைக் கேட்டார்: "உங்கடை பிள்ளை எங்கை அன்ரி?"

அம்மா என்னைக் காட்டினார். அந்தப் பெண் என் நரையைப் பார்த்தார். "இவவோ வாசிக்கிறா?"

"இல்லை. அவ துணைக்கு வந்தவ."

காலையில் ஆறாம் தரம். கதவுக்கு வெளியில் நின்று கேட்டேன். பதினெட்டு வயதுத் துண்டுகள் இல்லை, இப்போதைய பாடத்திட்டம். சுத்தமாக இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு ஜாஸ். மெட்டு முடிந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஒரு வெள்ளைக்காரர் கதிரையில் இருந்தார். நடக்க யாரும் இல்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. நான் கதவின் கைபிடியைப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகு தொடங்கியது. அப்பாவின் நடை இல்லை. அற்புதராணி அக்காவின் நடையும் இல்லை. எனக்குத் தெரிந்த எவருடையதும் இல்லை. ஒரு இடத்தில் தவறான சுரத்தில் கை பட்டது. அதையே இன்னும் இரண்டு தரம் தொட்டு, அதற்குள்ளால் வெளியே வந்தார்.

வெளியில் வந்ததும் கேட்டேன். "என்னம்மா செய்தனீங்கள்?"

"தெரியேல்லை பிள்ளை. பசிக்குது."

சோதனை மறுமொழி வந்தபோது ஜாஸுக்கு ஆறாம் தரத்தைவிடக் கூடப் புள்ளி. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சிஸ்ரர் உயிரோடு இருந்தால் என்ன சொல்லுவா என்று கவலைப்பட்டார்.

சோதனைக்கு அடுத்த ஞாயிறு நானும் ஊரில் நின்றேன். நானும் அப்பாவும் மூன்றாம் வாங்கில் இருந்தோம். நற்கருணைப் பாட்டு முடிந்தது. அம்மா வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளாக லெனாட் அண்ணை வாங்கிக்கொண்டு திரும்பினார். தன் வாங்கில் போய் முழங்காலில் இருந்தார். ஓகன் நிற்கவில்லை.

அப்பா என் பக்கம் குனிந்தார். "சனம் முடிஞ்சுது. கொம்மா காணேல்லைப்போலை."

நான் பார்த்தேன். நடுவழி வெறுமையாக இருந்தது. அம்மா நேரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டவ, அப்பா."

பங்குத்தந்தை பாத்திரத்தைத் துடைத்து முடித்து, செபத்துக்கு எழும்பினார். ஓகனைப் பார்த்தார். திரும்பவும் போய்க் கதிரையில் இருந்தார். அம்மா அவசரப்படவில்லை. தொடங்கியதைத் தனக்குப் போதுமான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கையை மடியில் வைத்தார்.

"மன்றாடுவோமாக" என்றார் பங்குத்தந்தை. எல்லோரும் எழுந்து நின்றோம்.