மூச்சு விட்டால் தாவும் பாட்டு

ஸ்கேன் அறைக் கதவுக்கு அப்பால் இயந்திரம் 'விர்ர்' என்று சுழலத் தொடங்கியது. உள்ளே அம்மா படுத்திருந்தார்.

ஞாயிறு காலைகளில், சிங்கப்பூரின் தெம்பனிசிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் பஸ்ஸில், அம்மாவின் சிடி பிளேயரும் இப்படித்தான் சுழலும். அம்மா பாடும் பாடகர் குழுவின் பாட்டுகள் அத்தனையும் எம்பி3யாக ஒரே சிடியில் இருந்ததால், பிளேயர் அதைப் படித்து முடித்து முதல் பாட்டு வரவே வெகுநேரமாகும். பூசை தொடங்குவதற்குள் தன் தனிப்பாட்டை மனப்பாடம் செய்தாக வேண்டிய அம்மா, பிளேயரை இரு கைகளிலும் கிடையாக ஏந்தியிருப்பார். பஸ் குலுங்கினால் பாட்டு தாவிவிடும். மூச்சு விட்டாலே தாவும் என்று அம்மா நம்பினார்.

"அசையாத லா, சிடி படிக்குது!"

நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

உள்ளேயிருந்து தாதியின் குரல் கேட்டது. "அம்மா, அசையாதீங்க. மூச்சைப் பிடிச்சுக்குங்க."

வெளியே நானும் பிடித்துக்கொண்டேன். 'இப்ப விடலாம்' என்று அந்தக் குரல் இன்னும் சொல்லவில்லை.