கல்யாணத்தில் அண்ணன் பாடிய பாட்டு

என் கல்யாணத்தில் அண்ணன் ஒரு பழைய சினிமாப் பாட்டுப் பாடினார். நான் கேட்டுத்தான் பாடினார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ரேடியோவில் அடிக்கடி வந்த காதல் பாட்டு அது. படத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஏதோ கொலைக் கதை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். பாட்டில் ஒவ்வொரு வரி முடியும்போதும் 'கிணுகிணு' என்று மெல்லிய சத்தம் ஒன்று வரும். கதாநாயகியின் வளையல் என்று நினைத்துக்கொண்டோம். தேயிலை பெக்டரியில் வேலை செய்த அண்ணனுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் பாட மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸும் கரண்டியும் எடுத்துக்கொண்டு மேடையேறி, வரிக்கு வரி கலக்குவது போல் கிணுகிணுக்க வைத்தார்.

முன்வரிசையில் இருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார், பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தோட்டத்துப் பெண் வேண்டாம் என்று கடைசிவரை முரண்டு பிடித்தவர்கள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் என் நாத்தனார், கணவரின் தங்கை, அண்ணனைப் பிடித்துக்கொள்வாள்.

"அந்தப் பாட்டு பாடுங்க. கிளாஸ் கொண்டாரவா?"

அண்ணன் கூச்சப்படுவார், பிறகு பாடுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். கிளாஸை நானே துடைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் போயா நாள், பௌர்ணமி விடுமுறை என்பதால் கடை அடைப்பு. வெளியே மழை. மாமியார், நாத்தனார், என் கணவர், எல்லோரும் கூடத்தில் இருந்தோம். நாத்தனார் தன் போனிலிருந்து டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டாள். பணக்காரப் பெண் ஒருத்தியை மயக்கிக் கல்யாணம் செய்துகொண்ட ஒருவன், அவளை மலைப் பங்களாவுக்கு அழைத்துப் போகிறான். அங்கேதான் அந்தப் பாட்டு. அவள் ஜன்னலோரம் நிலவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் அவளுக்குப் பின்னால் உருகி உருகிப் பாடிக்கொண்டே பாலில் விஷத்தூளைக் கொட்டிக் கரண்டியால் கலக்குகிறான்.

கிணுகிணு.

திரும்பிப் பார்த்தேன். டிவியை யாரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, உங்க கல்யாணப் பாட்டு" என்றாள் நாத்தனார். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

 தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். கணவர் வந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"டவுன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச படம்தானே. சும்மா ஒரு தமாசு. பாட்டு நல்லாத்தானே இருந்திச்சி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மேடையில் கண்ணை மூடிப் பாடிய அண்ணனின் முகம்தான் எனக்கு வந்து வந்து போனது.

தீபாவளிக்கு அண்ணன் வந்தார். சாப்பாடு முடிந்ததும் நாத்தனார் கிளாஸும் கையுமாக வந்து நின்றாள். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"வேணாம் அண்ணே. பாடாதீங்க" என்றேன்.

நான் நினைத்ததைவிடக் குரல் உரத்து வந்துவிட்டது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கிளாஸை வாங்க நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"ஒனக்கு வெக்கமா இருக்குன்னா முந்தியே சொல்லியிருக்கலாம், தங்கச்சி. நான் வராமலே இருந்திருப்பேன்."

அதைக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை. படத்தில் அந்தக் கரண்டி எதைக் கலக்குகிறது என்று சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"இத்தன வருசமா அதுக்கா சிரிச்சாங்க?"

"ஆமாண்ணே."

"கல்யாணத்தன்னைக்குமா?"

தலையாட்டினேன். ஸ்பிரிங்வெளி பஸ் நின்றுகொண்டிருந்தது. போய்ட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

சில நாள் கழித்துப் போன் செய்தார். அண்ணியோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தாராம்.

"மெட்டு நல்ல மெட்டுதான், தங்கச்சி" என்றார். "ஆனா இனி எனக்கு அது வாயில வராது. நேத்து குளிக்கிறப்ப பாடிப் பாத்தேன். பாதியிலயே நின்னுருச்சி."

நான் அண்ணியைப் பற்றி விசாரித்தேன். நல்லாத்தான் இருக்கா என்றார். என் மாமியார் வீட்டார் சிரித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தச் சிரிப்பை இத்தனை காலம் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவள் நான். அண்ணனைத் திரும்பத் திரும்ப அழைத்து அவர்கள் முன்னால் நிறுத்தியவளும் நான்தான். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பொங்கலுக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன். பார்ப்போம் என்றார்.