கோடை முகாமுக்கு ஒரு முழுக்கைச் சட்டை

பள்ளிக்கூடத்தில் லீவு விட்ட அன்று மற்ற அம்மாக்கள் கேட் வாசலில் நின்று, யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மகன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நடந்தேன். மகனுக்கு அப்போது ஐந்து வயது, எல்கேஜி முடித்திருந்தான். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை அவனை எங்கே விடுவது என்பதற்கு அன்று என்னிடம் ஒரு பதிலும் இல்லை.

நான் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். காலை ஏழு இருபதுக்குச் செங்கல்பட்டு ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி இறங்க மாலை ஆறு ஆகிவிடும். ஆறு வருடமாகக் காண்டிராக்டில் ஓட்டியிருந்தேன். அந்த வருடம்தான் பெர்மனென்ட் பட்டியலில் என் பெயர் போயிருந்தது. "ஜூன் முடியறவரைக்கும் ஒருநாள்கூட லீவு போட்றாதம்மா. போட்டுட்டு அப்பறம் என்னாண்ட வந்து நிக்காத" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மிரட்டலாகச் சொல்லவில்லை, என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால் அவரிடம் கோபப்படவும் வழியில்லை.

கணவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு பெரிய கடற்கரை ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவருக்கு வேலை இரட்டிப்பு. என் அம்மாவும் மாமியாரும் செய்யூர் பக்கம். இரண்டு பேருமே இன்னும் கூலிக்குப் போகிறவர்கள், அது கடலை பிடுங்கும் நேரம் வேறு. வெயிலில் கொல்லை வரப்பில் அவனை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கேம்ப்பில் விடலாம் என்று தேட ஆரம்பித்தேன். ஏப்ரல் பிறந்தால் செங்கல்பட்டில் மின்கம்பம், சுவர், ஆட்டோவின் முதுகு என்று ஓர் இடம் விடாமல் சம்மர் கேம்ப் நோட்டீஸ்தான். ரோபோ செய்யலாம், கீபோர்டு வாசிக்கலாம், சிலம்பம் சுற்றலாம். எல்லாவற்றிலும் அடியில் பொடி எழுத்தில் நேரம் போட்டிருக்கும், பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. பத்து மணிக்குக் கொண்டுவந்து விட்டு, பன்னிரண்டரைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு எதற்கய்யா கேம்ப்? ஓர் இடத்தில் இதைக் கேட்டே விட்டேன். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பாவமாகப் பார்த்து, "இது ஆக்டிவிட்டிக்கு மேம், குழந்தைய பாத்துக்கறதுக்கு இல்ல" என்றாள்.

எங்கள் சர்ச்சில் மே மாதம் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, பைபிள் கதை, பிஸ்கட், ஜூஸ். நானும் சின்ன வயதில் படாளத்தில் அதில்தான் வளர்ந்தேன். ஆனால் அதுவும் பத்தே நாள், மதியம் மணியடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கன்வாடிக்கும் மே மாதம் லீவு. பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் பாய் வீட்டு அக்கா, "ஒருநாள் ரெண்டுநாள்னா வுட்டுட்டுப் போ தங்கச்சி. தெனிக்கும்னா மிஷினு, கத்திரி, ஊசி, நான் எத பாக்கறது?" என்றார். நியாயமான பேச்சு. அந்த மாதம் எல்லோருமே நியாயமாகத்தான் பேசினார்கள்.

"நம்ம ஹோட்டல்லயே கேம்ப் நடக்குது" என்றார் கணவர் ஒருநாள். எனக்கு உயிர் வந்தது. "நீச்சலு, கிளிஞ்சல்ல பெயிண்டு அடிக்கறது, மண்ணுல வூடு கட்றது, எல்லாம் கீது. தெனிக்கும் அந்தப் பசங்களுக்கு டவல் மடிச்சி வெக்கறதே நான்தான்."

"அப்ப கேளேன்யா."

"கேட்டுட்டேன். தங்க வர்றவங்க புள்ளைங்களுக்கு மட்டுந்தானாம்."

கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார். கேட்காமலே இருந்திருந்தால் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பைக்கில் மாமல்லபுரம் போனோம். அலைச்சறுக்கு சொல்லித் தரும் மீனவர் குப்பத்துத் தம்பி ஒருவர் இவருக்குப் பழக்கம். அவர் எங்கள் மகனைத் தண்ணீர் ஓரத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். "வேணாண்ணா, அல வந்தா இவனுக்குத் தோளு தாண்டிடும். ரெண்டு வருஷம் போவட்டும். அதுவுமில்லாம எங்க கிளாஸு காலைல எட்டுக்கெல்லாம் முடிஞ்சிரும்ணா" என்றார். மகன் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காகத்தான் இத்தனை அலைச்சல் என்பது அவனுக்குத் தெரியாது.

கடைசியில் செங்கல்பட்டிலேயே ஒரு ப்ளே ஸ்கூல் கிடைத்தது. காலை ஒன்பது முதல் ஒருமணிவரை சம்மர் கேம்ப், அதற்கு மேல் மாலை ஆறரைவரை அங்கேயே டே கேர். கம்பெனியில் என் வேலை, கையில் அளவு பார்க்கும் கேஜை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையாகச் சோதித்து, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது. அதே கண்ணோடு அந்த இடத்தையும் பார்த்தேன். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டியின் மூடி, மாடிப்படிக் கம்பியின் இடைவெளி எல்லாம் பார்த்தேன். ஆயாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஓகே. பிடித்துப்போய்ச் சேர்த்தேன் என்று சொல்ல முடியாது. வேறு கதி இல்லாமல் சேர்த்தேன்.

அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னேன். "நாளைலேர்ந்து நீ கேம்ப்புக்குப் போற."

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "கேம்ப்புக்கா?"

"ஆமா. எல்லாப் பசங்களும் வருவாங்க."

"நீ வருவியா?"

"அப்பா வந்து வுடுவாரு. நான் சாயங்காலம் வந்து கூட்டிக்கினு வருவேன்."

தோசையைத் தட்டில் வைத்துவிட்டு, "நான் அழுவ மாட்டேன்" என்றான். நான் கேட்காமலே சொன்னான். அடடா, பிள்ளை வளர்ந்துவிட்டானே என்று எனக்குப் பெருமை.

மறுநாள் கணவர் அவனை விட்டுவிட்டுப் போன் செய்தார். "உயரம், எடையெல்லாம் பாத்து நோட்டுல எழுதிக்கினாங்க. நம்பர் போட்ட அட்டைய கழுத்துல மாட்டி வரிசையா குந்த வெச்சிருக்காங்க. மத்த புள்ளைங்கல்லாம் கத்தி ஊர கூட்டுதுங்க. நம்ம புள்ள ஒரு சத்தம் போடணுமே." எடையெல்லாம் பார்க்கிறார்கள் என்றால் ஒழுங்கான இடம்தான் என்று நான் நிம்மதியாகப் பாகங்களைச் சோதித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அவன் கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்றான். அக்னி நட்சத்திர வெயில். வேர்க்குரு கழுத்தெல்லாம் பொரிந்திருந்தது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மணிக்கட்டுப் பட்டனைக்கூட தானே மாட்டிக்கொண்டான். ஸ்டைல் பண்ணுகிறான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாளும் அதே சட்டை, நான்காம் நாளும் அதே. தினமும் வந்ததும் துவைத்துக் காயப்போடுவது எனக்கு ஒரு வேலையானது.

ப்ளே ஸ்கூல் மேடம் மாலையில் பார்க்கும்போதெல்லாம் அவனைப் புகழ்வார். "உங்க பையன் மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல மேம். இதுவரைக்கும் ஒருநாள்கூட அழுததில்ல. உக்காருன்னா உக்காருவான், படுன்னா படுப்பான்." புறங்கையில் தினம் ஒரு ஸ்டார் ஒட்டி அனுப்புவார். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரியிடம் அதைச் சொல்லாத நாள் இல்லை. அவள் மகன் வீட்டுக் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் வழியில், "இன்னிக்கு இன்னாடா பண்ணாங்க?" என்று கேட்டால் எல்லா நாளும் ஒரே பதில்தான்.

"இன்னிக்கும் ஒண்ணும் பண்ணல."

ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார வைக்கிறார்களா என்று மேடத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் உடனே வாட்ஸ்அப்பில் போட்டோக்களை அனுப்பினார். பிள்ளைகள் களிமண் பிசைகிறார்கள், கலர் தண்ணீரில் கை நனைக்கிறார்கள். எங்கள் பிள்ளை ஒவ்வொரு படத்திலும் ஓரமாக உட்கார்ந்து, வலது கையால் இடது புஜத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் கழுவி விட்டிருக்கிறார்களா, தலை வாரியிருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனை வைத்துவிட்டேன். ஒரு துளை நூலளவு நகர்ந்திருந்தால் கண்டுபிடிக்கிற கண் இது.

பன்னிரண்டாம் நாள். முந்தின நாள் திடீர் மழை பெய்ததில் சட்டை காயவில்லை. அரைக்கை டீ சர்ட்டை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டையே இரண்டாக்கிவிட்டான். மணி ஏழு. எனக்கு இருபது நிமிடத்தில் பஸ். ஈரச் சட்டையை அவன் பிடித்து இழுக்க, நான் பிடுங்க, முதுகில் ஒன்று வைத்தேன். ஓங்கித்தான் வைத்தேன்.

"அத போட்டாத்தான் கை தெரியாது" என்று தேம்பினான். "இதப் போட்டா ஊசி போட்டுருவாங்க. இப்ப அழுதுட்டேன், ரெண்டு போடுவாங்க."

யூனிஃபார்ம் அயர்ன் செய்துகொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். "எங்கடா ஊசி போடறாங்க?"

"கேம்ப்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் கேம்ப் என்றால் என்ன? கண் கேம்ப், சர்க்கரை கேம்ப், இரத்தம் எடுக்கிற கேம்ப். அவன் பார்த்திருந்தது ஒன்றே ஒன்றுதான். பொங்கல் முடிந்து அங்கன்வாடியில் வைத்த தடுப்பூசி கேம்ப். அங்கேயும் உயரம் அளந்தார்கள், எடை பார்த்தார்கள், நோட்டில் எழுதினார்கள், கையில் நம்பரைக் கொடுத்து வரிசையாக உட்கார வைத்தார்கள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்டார்கள். அன்று அவன் கத்திய கத்தலில் நான்தான் காதோடு சொன்னேன், "அழுதின்னா ரெண்டு போட்டுருவாங்க, அழுவாம இருந்தா ஒண்ணோட வுட்ருவாங்க." இங்கே எடை பார்த்தாயிற்று, நம்பர் மாட்டியாயிற்று. பன்னிரண்டு நாளாக அவன் வரிசையில் உட்கார்ந்து மிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கிறான். அந்த ஸ்டார்களெல்லாம் அதற்குத்தான்.

அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடித்த இடத்தைத் தடவினேன். அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று அடக்கினேன்.

"அது வேற கேம்ப்பு, இது வேற கேம்ப்புடா கண்ணு. இங்க ஊசி கெடையாது."

"நாளைக்கும் போட மாட்டாங்களா?"

"எப்பவுமே போட மாட்டாங்க. அம்மா மேல சத்தியமா ஊசியே கெடையாது."

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே ஒன்று புரியவில்லை என்று தெரிந்தது.

"ஊசி போடலன்னா, அப்பறம் எதுக்கும்மா என்ன அங்க வுட்டுட்டுப் போற?"

கணவர் அயர்ன் பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.  பெர்மனென்ட் பட்டியலையும் சூப்பர்வைசரையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? ஊசி என்றே இருந்திருந்தால் சொல்வது சுலபம். உன் நல்லதுக்குத்தான் என்றாவது சொல்லியிருப்பேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுடா" என்றேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

அவன் மடியிலிருந்து இறங்கி நின்று, டீ சர்ட் மாட்டிவிடச் சொல்லி இரண்டு கைகளையும் தானே மேலே தூக்கினான்.