சித்தி பேரில் ஒரு நீச்சல் குளம்

நீச்சல் குளம் கட்டித் தருபவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று பின்பக்கத்துப் புல்தரையில் நடந்த பேச்சு எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

அவருக்குத் தமிழ் தெரியாது. சித்திக்கு அவருடைய மொழி தையல் கடைக்கு வருகிறவர்களிடம் இடுப்பு இறுக்கமா, கால் நீளமா என்று கேட்கும் அளவுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் திணறுவாள். நான் இரண்டிலும் படித்தவள் என்பதால் என்னை நடுவில் நிறுத்தியிருந்தாள்.

முதலில் அவர் வடிவம் கேட்டார். கையிலிருந்த படப் புத்தகத்தில் அவரைவிதை போல வளைந்தது, வட்டமானது, நடுவில் தீவு வைத்தது எல்லாம் இருந்தன.

"வளைவு நெளிவெல்லாம் வேண்டாம்னு சொல்லு. துணியை நேரா கிழிச்ச மாதிரி இருக்கட்டும்," என்றாள் சித்தி.

செவ்வகம் என்று சொன்னேன்.

அடுத்து ஆழம் கேட்டார். ஒரு முனையில் முழங்கால் அளவு, மறு முனையில் ஆள் மூழ்கும் அளவு, அதுதான் வழக்கம் என்றார்.

"மூழ்கறதுக்கா மெனக்கெட்டு ஒரு குளம் கட்டறோம்? சரிவு முடியற இடத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மட்டம்."

"என்ன சரிவு?" என்று நான்தான் கேட்டேன்.

"படி வேண்டாம்டி. பின்வாசல்லேர்ந்து தண்ணிக்குள்ள வரைக்கும் அகலமா ஒரு சரிவு. கீழே வழுக்காத டைல்ஸ். ரெண்டு பக்கமும் கம்பி."

சரிவு வைத்தால் அதுவே பாதிக் குளத்தை விழுங்கிவிடும் என்றார் அவர். விழுங்கட்டும் என்றாள். ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்றாள். பம்பும் ஃபில்டரும் எங்கே வைப்பது என்றார். சத்தம் காதில் விழாத மூலையாகப் பார்த்து வைக்கச் சொன்னாள். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "யாருக்காகக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டார்.

சித்தி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு. எனக்கே எனக்கு. படி ஏறி இறங்கினா மூச்சு வாங்குது, அதான் சரிவு."

அப்போதுதான் பின்வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்றது. சித்தப்பா எங்கள் மூவரையும் பார்த்தார்.

"மகாராணிக்கு ஜலக்கிரீடையா? ஓரமா ஒரு கப்பல் நிக்க இடம் விடச் சொல்லு."

"இதை அவருக்குச் சொல்லாதே," என்றாள் சித்தி என்னிடம்.

அத்துடன் அன்றைய பேச்சு முடிந்தது. எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் என்னை முந்துகிறவள் சித்தி. அவளுக்கு எப்போது மூச்சு வாங்கியது?

சித்தப்பா கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவராக இருந்தார். உயரமான மனிதர். மற்றவர்களுக்கு ஏணி தேவைப்படும் இடத்தில் அவருக்கு ஒரு முக்காலி போதும் என்று சித்தி பெருமையடிப்பாள். சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. கால்கள் அசையும், ஆனால் உடம்பைத் தாங்காது. மருத்துவமனையில் வெந்நீர்த் தொட்டி ஒன்றில் இறக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே அவர் நின்றார். யார் கையையும் பிடிக்காமல் நின்று, பயிற்சி கொடுத்த பெண்ணிடம் தொட்டியின் சுவர் வண்ணம் மட்டம் என்று குறை சொன்னாராம். பயிற்சிக்காலம் முடிந்ததும் அந்தத் தொட்டிக்கு வேறு நோயாளிகள் வந்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு அவருக்காக என்று எதைச் செய்தாலும் அவருக்கு ஆகாது. குளியலறையில் பொருத்திய கைப்பிடிக் கம்பியில் துண்டு காயப்போட்டார். உயரமான கட்டிலைத் திருப்பி அனுப்ப வைத்தார். அவருக்கென்று வாங்கிய மெத்தை நாற்காலியில் பக்கத்து வீட்டுப் பூனைதான் தூங்கியது. "நோயாளிச் சாமான்" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் அந்தப் பொருளுக்கு வீட்டில் வாழ்வில்லை.

சித்தி அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்டவில்லை. விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈடு வந்ததும், எனக்கு நீச்சல் குளம் வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசினார்கள். புருஷன் இப்படிக் கிடக்கும்போது இவளுக்கு என்ன கொண்டாட்டம் என்று என் அம்மாவே கேட்டாள், அதுவும் கூடப் பிறந்த தங்கையைப் பற்றி. சித்தி வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி தைத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி இருக்கும்போது பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்கு வசதி.

குளத்துக்காரர் போன பிறகு என்னைத் தையல் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கண்டுபிடிச்சிட்டே, இல்ல?"

"சரிவைச் சொன்னப்பவே தெரிஞ்சுது, சித்தி."

"வாயைத் திறந்தே, உனக்கு இனிமே ரவிக்கை தைச்சுத் தர மாட்டேன்."

தண்ணீர் மார்பளவு இருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் அவளிடம் சொல்லியிருந்தாள். குறைந்தால் கால் மடங்கிவிடும், கூடினால் பாதம் தரையை விட்டு எழும்பிவிடும். ஆகவே அவருடைய மார்பின் உயரம் வேண்டும், அவருக்குத் தெரியாமல் வேண்டும். ஒரு நீள அங்கி தைக்கப் போவதாகச் சொல்லி அவரைக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்துக் குதிகாலிலிருந்து டேப்பைப் பிடித்தாள்.

"பொணத்துக்கு அளவெடுக்கற மாதிரி இருக்கு," என்றார் சித்தப்பா.

"பொணம் இவ்வளவு பேசாது. அசையாம இருங்க."

அவள் சொன்ன அளவை நான் குளத்துக்காரருக்குச் சொன்னேன். இயந்திரம் வந்து புல்தரையைத் தோண்டியது. பள்ளம் முடிந்து தரையைச் சமன் செய்த அன்று, தண்ணீர் எதுவரை நிற்கும் என்று காட்ட அவர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். மறுநாள் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுபவர்கள் வருகிறார்கள், அதன்பின் ஆழத்தை மாற்ற முடியாது என்றார்.

சித்தி பள்ளத்தில் இறங்கிக் கயிற்றின் அடியில் நின்றாள். கயிறு அவள் தலைக்கு மேலே போனது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ. மடிப்புக்கும் சேர்த்துல்ல சொல்லித் தொலைச்சேன்!"

எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் எந்த உடம்பின் அளவையும் உள்ளபடி சொன்னதில்லையாம். துவைத்தால் சுருங்கும் என்று கொஞ்சம், கீழே மடித்து அடிக்கக் கொஞ்சம், தாராளமாக இருக்கட்டும் என்று கொஞ்சம். கை தானாகக் கூட்டிவிடும், வாய் கூட்டியதைத்தான் சொல்லும். அங்கிக்குச் சரியான அளவைக் குளத்துக்குக் கொடுத்திருந்தாள். அதோடு, படுத்திருக்கும் உடம்பு நீண்டு கிடக்கும், அவர் நின்றால் முன்பக்கம் வளைவார் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கயிற்றளவுக்குத் தண்ணீர் நின்றால் அது அவர் முகவாயைத் தொடும்.

"எவ்வளவு குறைக்கணும்?" என்றேன்.

"தெரியலையே. நிக்க வெச்சுத்தான் பார்க்கணும்."

அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. நிற்க வைத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் இந்தக் குளமும் நோயாளிச் சாமான்தான். தண்ணீர் நிரப்பினாலும் பக்கத்து வீட்டுப் பூனைதான் வேடிக்கை பார்க்கும்.

நாங்கள் முழித்துக்கொண்டு நிற்கும்போதே பின்வாசலில் சக்கரம் உருண்டது.

"என்ன, மகாராணி குழிக்குள்ள குடியேறிட்டாங்களா?"

சித்தி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். "உங்க அளவு வேணும்."

"அங்கிக்குத்தான் எடுத்தியே."

"குளத்துக்கு."

சித்தப்பாவின் கண் தன் நாற்காலியின் சக்கரத்திலிருந்து புறப்பட்டு, வாசற்படி இல்லாத வாசலைக் கடந்து, மண் சரிவின் மேல் மெல்ல இறங்கி, பள்ளத்தில் நிற்கும் சித்தியிடம் போய் நின்றது. முகம் கறுத்துவிட்டது.

"எனக்காக ஒண்ணும் பண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உங்களுக்காக யாரு பண்ணா?" சித்தி பள்ளத்திலிருந்தே கத்தினாள். "கல்யாணம் ஆன நாளிலேர்ந்து உங்களை அண்ணாந்து பார்த்தே பழகினவ நான். இப்போ மூணு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு பேசறேன். கழுத்து போச்சு எனக்கு. எனக்குப் பழையபடி அண்ணாந்து பார்க்கணும். அதுக்குத்தான் கட்டறேன். எனக்காகத்தான்!"

குளத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

சித்தப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கழுத்துக்குத் தைலம் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன். கேக்கலை."

"சரி. இறக்கச் சொல்லு."

சரிவில் பலகைகள் போட்டு நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கினோம். குளத்துக்காரர் ஒரு தோளையும் நான் ஒரு தோளையும் தாங்க, அவர் எழுந்தார். கால்கள் நடுங்கின. சித்தி மண்ணில் மண்டியிட்டு, குதிகாலில் டேப்பை வைத்து, மார்பு வரை இழுத்தாள்.

"கூட்டாதே," என்றார் மேலேயிருந்து. "எனக்கு உன்னைத் தெரியும்."

"வாயை மூடுங்க, அளவு தப்பும்." அவள் அண்ணாந்துதான் சொன்னாள். கண்ணில் மண் விழுந்துவிட்டதாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

குளத்துக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கீழே இறக்கிக் கட்டினார். இப்போது அது சித்தியின் கழுத்தளவில் நின்றது. மற்ற வேலைகளெல்லாம் இழுபறியில்லாமல் நடந்தன. சுவர் டைல்ஸின் நிறத்தைச் சித்தப்பாவே தேர்ந்தெடுத்தார். அதற்காக அந்த மனிதரைப் படாத பாடு படுத்தினார். வெளுத்த நீலம் காட்டினால் இது சீக்காளி நீலம் என்பார், பச்சை காட்டினால் பாசி பிடித்தது தெரியாது என்பார். மொழிபெயர்த்து எனக்குத்தான் தொண்டை வறண்டது.

தண்ணீர் நிரம்பி, ஹீட்டர் ஓடி, பதத்துக்கு வந்த காலையில் நாற்காலி சரிவின் தலைப்பில் வந்து நின்றது. சித்தி வழிவிட்டு ஒதுங்கினாள். சித்தப்பா நகரவில்லை.

"உன் குளம்னு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கே. குளத்துக்காரி இறங்காம நான் எப்படி இறங்கறது? நீ முதல்ல. நீ போய் நின்னப்புறம் நான் வர்றேன்."

அவர் கேலி செய்யவில்லை. தான் இறங்கும்போது எதிரே அவள் நிற்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

"இதோ, துண்டு எடுத்துட்டு வர்றேன்," என்று சித்தி உள்ளே போனாள். போகும்போது என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். துண்டு அவள் தோளிலேயே கிடந்தது. தையல் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. கணுக்காலுக்கு மேல தண்ணியில நான் நின்னதே இல்லை. நீயும் கூட இறங்கு. என் கையைப் பிடிச்சுக்கோ. ஆனா தண்ணிக்கு அடியில பிடிச்சுக்கோ, அவருக்குத் தெரியக் கூடாது."