நான் குடிக்காத குடி

பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும். வாரம் ஒரு வீடு. எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டு ஆண் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். நான் பிளம்பிங் வேலை செய்கிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றவர் வீடுகளில் மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம். எங்கள் வீட்டு முறை வந்தபோது தப்ப வழியில்லை.

செல்போனில் ஒரு போதகரின் சாட்சி கிடைத்தது. கேட்டவர்கள் அழும்படி பேசியிருந்தார். ஒரு வாரம் குழாய் மாட்டிக்கொண்டே அதைக் கேட்டு மனப்பாடம் செய்தேன். முன்பாதி அவர் குடித்துச் சீரழிந்த கதை, பின்பாதி நன்றி. பின்பாதியை மட்டும் சொல்வதாகத்தான் எண்ணம். ஆனால் நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எதை மனப்பாடம் செய்தாலும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும். எழுந்து நின்றதும் முதல் வரிதான் வந்தது. பத்து வருடம் குடித்தேன் என்றேன். சாக்கடையில் விழுந்து கிடந்தேன் என்றேன். மனைவியின் தாலியை விற்றேன் என்றும் சொல்லிவிட்டேன். நடுவில் நிறுத்தத் தெரியவில்லை. அறை முழுக்க அல்லேலூயா கேட்டது. கூட்டத்தை நடத்தும் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் போனதும் மனைவி காபி டம்ளர்களைக் கழுவியபடி கேட்டாள்.

"எந்தத் தாலிய வித்தீங்க? அப்ப என் கழுத்துல கெடக்கறது என்ன?"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்து, சோப்புக் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரி தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கணவருக்கு ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை. குடியால் ஏற்கெனவே ஒரு வேலை போயிருந்தது. இதுவும் போகும் நிலைமை. "நீங்க எப்படி விட்டீங்கன்னு இவர்கிட்ட சொல்லுங்க பிரதர்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா என் மனைவியோடு உள்ளே போய்விட்டார்.

அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இனியும் ஒரு பொய் சொன்னால் அது அவர் வேலைக்குத்தான் வினையாகும் என்று பட்டது.

"நான் ஒரு நாளும் குடிச்சதில்லண்ணா. போன்ல கேட்டத ஒப்பிச்சிட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் குடிச்சிட்டு குடிக்கலன்னு சொல்லிட்டுத் திரியறேன். நீ குடிக்காமயே குடிச்சேன்னு சொல்லிட்டுத் திரியற. நல்ல ஜோடிப்பா நாம" என்று சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவர் மனைவி கதவருகே வந்து நின்றுவிட்டார். அவர் சிரித்து மாதக்கணக்காகிறதாம்.

போகும்போது ஒரு நிபந்தனை வைத்தார். வரும் வெள்ளிக்கிழமை நான் இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் அவரும் வருவார்.

அந்த வாரம் கூட்டம் பெரியவர் வீட்டில். இந்தத் தடவை மனப்பாடம் எதுவும் இல்லை.

"போன வாரம் சொன்னது எனக்கு நடந்ததில்ல. பொய் சொல்லிட்டேன். கர்த்தரும் நீங்களும் மன்னிக்கணும். தாலி பத்திரமா இருக்கு."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. கட்டிப்பிடித்த பெரியவர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். அப்போது, சொன்னபடி வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"நான் குடிக்கிறவன். இன்னிக்குக் குடிக்கல. அவ்வளவுதான்." பிறகு, ஆமென் சொல்ல வேண்டுமா என்று பெரியவரைக் கேட்டார்.

"நீங்க உக்காருங்க, நாங்க சொல்றோம்" என்றார் பெரியவர். சொன்னோம்.

அதற்குப் பிறகும் அவர் இரண்டு தடவை தவறினார். இரண்டையும் அவரே வெள்ளிக்கிழமை வந்து சொன்னார். வேலை போகவில்லை.