ஓகே பீஸ்

டீ குடித்துக்கொண்டிருப்பவரின் சட்டையை, கேட்காமல் கொள்ளாமல் பிடித்து இழுக்கிறார் ஆத்தப்பன். கண் தோளில் தொடங்கி, கழுத்து, பக்கத் தையல் என்று இறங்குகிறது. ஊசிமுனை அளவு ஓட்டை அகப்பட்டால் போதும், ஆள்காட்டி விரல் அதன்மேல் போய் நின்றுவிடும். “ஏனுங்க, இத எப்படிங்க பாஸ் பண்ணி உட்டாங்க?” பனியன் கம்பெனியில் முப்பது வருடம் செக்கிங் பார்த்தவர். ஓட்டையின் மேல் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டும்வரை விரலை எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டமாம்; ஓட்டை இல்லாத துணிதான் ‘ஓகே பீஸ்’. ஸ்டிக்கர் இல்லாத டீக்கடையிலும் அவர் விரல் அந்தச் சட்டத்தை மீறாது.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் கண் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வேண்டியபோது அதையும் மூடிக்கொள்ளத் தெரிந்த மனிதர்.

ஊருக்கு வெளியே வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் சாயப்பட்டறைகளில் பிணம் ஏதாவது கிடந்தால், போலீஸ் முதலில் தேடுவது கொலைகாரனை அல்ல, ஆத்தப்பனை. மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட உள்ளூர் ஆள் வேண்டுமே. இஸ்திரி போட்ட சட்டையும் சொந்தப் பேனாவுமாகக் கிளம்பிவிடுவார். கூலி கிடையாது. “ஆத்தப்பண்ணா” என்று ஏட்டு கூப்பிட்டு, ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைத்தால் போதும், ஒரு வாரத்துக்குத் தரையில் கால் பாவாது. எழுதியிருப்பதைப் படிக்கும் வழக்கமில்லை. “சாரு எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும். ஓகே பீஸுங்க.” இதுவரை அவர் கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் குடித்துவிட்டுத் தவறி விழுந்தவர்கள்தான். இந்த ஊரில் யாரும் யாரையும் தள்ளுவதே இல்லை போலிருக்கிறது.

ஏழாவது ஆள் காசிமாயன். தேனிப் பக்கத்துக்காரர், ஒரு பட்டறைக்கு வாட்ச்மேன். காலையில் காய்ந்த சாயத்தொட்டிக்குள் கிடந்தார். பட்டறையிலிருந்த செம்புக் கம்பியெல்லாம் காணாமல் போனதைப் பற்றி மகஜரில் ஒரு வரி இல்லை. பனியனைப் பற்றி மட்டும் இருக்கிறது: வெள்ளை நிறம், கிழிசல் ஏதுமில்லை. சாட்சி, ஆத்தப்பன்.

நேற்று காசிமாயனின் மனைவி மருதம்மாள் டீக்கடைக்கே வந்துவிட்டாள். குளிப்பாட்டும்போது அவர் விலாவில் கத்திக் குத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். தொட்டியில் கிடந்த இரும்புக் கம்பி கிழித்த கீறல் என்கிறார்களாம் போலீஸில். வெள்ளிக்கிழமை விபத்து என்று எழுதி கேஸை முடிக்கப் போகிறார்களாம். அழவில்லை. ஒரு வெள்ளைப் பனியனை ஆத்தப்பன் மடியில் வைத்தாள்.

“இதும் அவுக பனியன்தான். நீங்க கையெழுத்துப் போட்டது இதே மாதிரிதான இருந்துச்சு? ஓட்டை இல்லைன்னு பாத்துத்தான் போட்டீகளா?”

“பாத்தனுங்க,” என்றார் ஆத்தப்பன். “ஓட்டை ஒண்ணுமில்லீங்க. ஓகே பீஸுங்க.”

அந்த வாயைப் பார்க்க எனக்குக் கூசியது. ஆனால் மடியில் துணி விழுந்தால் அவர் கை சும்மா இருக்காது. பனியனை உட்புறம் வெளியே தெரியத் திருப்பியது. தோளைத் தடவியது, கழுத்துப் பட்டியைத் தடவியது, பக்கத் தையல் வழியே இறங்கியது. இடது விலாவில், ஓட்டையே இல்லாத இடத்தில், ஆள்காட்டி விரல் நின்றது.

மருதம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை எடுக்கவில்லை.