நாலு நிமிஷத்துக்கு ஒரு பெரியவர்

லாரி எடைமேடையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிற அந்த மனிதருக்கு ஒரே கொள்கைதான்: வாயை நம்பாதே, திரையை நம்பு. மணல் ஏற்றி வருகிற டிரைவர், ஜல்லி ஏற்றி வருகிற டிரைவர், எவராக இருந்தாலும் "அவ்வளவு இருக்காது" என்று சண்டைக்கு வருவார்கள். இவர் ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டி, மேலே எரிகிற சிவப்பு எண்களைக் காட்டுவார். "என்கிட்ட ஏன் கத்துறீங்க? திரை பொய் சொல்லாது." அதோடு பேச்சு முடிந்தது. சொந்தக்காரர்கள்கூட அவரை எடைமேடை என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

நாள் முழுக்க வசவு வாங்குகிற மனுஷனுக்கு வாரத்தில் அரை நாளாவது காது ஓய வேண்டாமா? அதற்குத்தான் அந்தப் படகு. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் தும்மினால் கவிழும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியில் இறக்கித் தூண்டிலைப் போட்டால், எதிர்ப்பேச்சு பேச அங்கே யாரும் கிடையாது. மீன்கூடக் கிடையாது. இரண்டு வருஷத்தில் ஒரு செதில் வீட்டுக்கு வரவில்லை. மற்ற ஆறு நாளும் படகு வீட்டு முன்னறையில் சுவரில் சாய்ந்து நிற்கும். அவர் மனைவி அதன் மேல் துண்டு காயப்போடுவாள்.

மனைவிக்கு சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. பொறுமைசாலிதான். ஆனாலும் சொந்த வீட்டில் ஒருக்களித்து நடந்து நடந்து அவளுக்கும் அலுத்துவிட்டது. போதாக்குறைக்கு அவளுடைய அண்ணன், வரும்போதெல்லாம் படகைத் தட்டிப் பார்த்து, எனக்குக் கொடுத்துடுங்க மாப்பிள்ளை என்று நச்சரிப்பார். ஒருநாள் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். மழை தொடங்குவதற்குள் இந்தப் படகிலிருந்து ஒரு மீனாவது அடுப்படிக்கு வரணும். வரவில்லையென்றால் படகு அண்ணன் வீட்டுக்குப் போகும். அந்த அரை நாளும் போனால் எடைமேடைக்கென்று என்ன இருக்கிறது?

மறுநாளே, தண்ணீருக்கு அடியில் மீன் இருப்பதைத் திரையில் காட்டும் மிஷின் வாங்கக் கிளம்பினார். கடை அலமாரியில் ஐந்து மிஷின்கள் வரிசையாக மினுங்கின. ஒலி எப்படிக் கீழே போய்த் திரும்புகிறது, எது எத்தனை அடி ஆழம் பார்க்கும் என்று விற்பனையாளர் மூச்சு வாங்க விளக்கினார். இவர் காதில் வாங்கினால்தானே! ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் பத்துப் பத்து நிமிஷம் நின்று, ஓடுகிற மீன்களை எண்ணித் துண்டுத்தாளில் கோடு போட்டார். முதல் மிஷினில் பதினொன்று. மூன்றாவதில் பத்தொன்பது. கடைசி மிஷினில் நாற்பத்து மூன்று.

சொட்டுத் தண்ணீர் இல்லாத அலமாரியில் நாற்பத்து மூன்று மீன் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பாரா? எண் பெரிசாக இருந்தது, மனுஷன் மயங்கிவிட்டார். பெட்டி பிரிக்காத புதுசு தருகிறேன் என்றார் விற்பனையாளர். "நான் எண்ணினது இதை. இதையே குடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார். சார், இது கடையில் காட்டுவதற்காக வைத்தது என்று அவர் இழுத்ததையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு ஐந்து வாரம் சொர்க்கம். படகுக்கு அடியில் நாற்பதடி ஆழமாம், கூட்டம் கூட்டமாக மீனாம். அதிலும் நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை, மூன்று பொடிசுகள் பின்னால் வர, ஒரு பெரிய மீன் திரையைக் கடந்து போகும். அதற்குப் பெரியவர் என்று பேர் வைத்தார். தூண்டிலில் எதுவும் சிக்கவில்லையே என்றால், மிஷின் மேல் சந்தேகம் வந்ததா? மூச்! புழு சரியில்லை என்றார். கொக்கி மொக்கை என்றார். ஆறாவது வாரம் மேகம் கறுத்தது.

அந்த ஞாயிறு தியேட்டரில் புரொஜெக்டர் பழுது. வேலை இல்லாததால் மனைவியும் முதல்முறையாகப் படகில் ஏறினாள். கால் மணி நேரம் திரையையே பார்த்தாள். ஒரே படத்தின் சத்தத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை வாசலில் நின்று கேட்கிறவள் அவள்.

"என்னங்க, இது திரும்பத் திரும்ப ஓடுற படம்."

அவர் சிரித்தார். அவள் துடுப்பை எடுத்துத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கினாள். முக்கால் துடுப்பு போவதற்குள் தரையில் இடித்தது. திரை அப்போதும் நாற்பதடி என்றது.

"துடுப்புலதான் ஏதோ கோளாறு" என்றார் எடைமேடை. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவள் பட்டன்களை அழுத்தித் தேடி, கடையில் காட்டுவதற்காக ஓடவிட்டிருந்த படத்தை நிறுத்தினாள். திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. ஆழம் ஐந்தடி. கீழே ஒரு கோடு, மேலே வெறும் நீலம். ஒரு பொடிசுகூட இல்லை. ஏமாந்ததைவிட அவருக்கு, பெரியவர் என்று ஒருத்தர் இல்லவே இல்லை என்பதுதான் வலித்தது.

"உங்க அண்ணனை வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

ஏரி அமைதியாக இருந்தது. எந்த வரிசை, எந்த சீட் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் காது என்று ஒன்று இருப்பது இத்தனை நாள் இவருக்குத் தோன்றவே இல்லை. அவள் மிஷினை மடியில் வைத்து மறுபடி பட்டனை அழுத்தினாள். பெரியவர் மூன்று பொடிசுகளோடு வந்தார்.

"பதினோரு வருஷமா வாசல்லயே நிக்கிறேன். ஒரு படத்தைக்கூட உக்காந்து முழுசாப் பாத்ததில்லைங்க. இதையாவது பாக்கிறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

மத்தியானம் வீடு திரும்பினால், அண்ணன் கயிறும் கையுமாக வாசலில் காத்திருந்தார். படகு இங்கேயே இருக்கட்டும், இனிமேல் நாங்கள் ரெண்டு பேரும் போவோம் என்று அவள் சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தாள். அண்ணன் விடவில்லை. அப்போ மீன் எங்கே என்று மடக்கினார்.

"நாப்பத்து மூணு. எண்ணிப் பாத்துட்டு விட்டுட்டோம்" என்றாள் அவள்.

அண்ணன் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்வளவு இருக்காது."

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எடைமேடை, "இருக்காதுதான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு மனைவியோடு ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகை உள்ளே தூக்கிப்போனார்.